பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்

கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தால் மணமேடை யாருக்குப் போகும், பந்திக் கூடத்து வாசல் யாருக்கு வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது அந்த மண்டபம். வியாபாரிகளுக்கான தொழில்நுட்பக் கண்காட்சி என்று வாசலில் வளைவு கட்டியிருந்தார்கள். மணமேடையைச் சென்னைக் கம்பெனி ஒன்று முழுசாக எடுத்துக்கொண்டது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய பூ அலங்காரம் பாதி வாடிப் பின்னால் தொங்க, அதற்கு முன்னால் ஒரு ஆள் உயரத்துக்கு டிவி, அதன் கீழே பட்டுத்துணி விரித்த மேஜை. எங்களுக்குக் கொடுத்தது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கையை உதறினால் எங்கள் மானிட்டரில்தான் தெறிக்கும்.

எங்களுக்கு என்றால் எனக்கும் பெர்சிஸுக்கும். என் பெயர் வேல்விழி. இருவரும் ஒரே காலேஜில் படித்தவர்கள். என் அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்த வயல் இப்போது குத்துக்கல்வலசையில் பிளாட்டுகளாகி, அதில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அந்த வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு டேட்டாபேஸ் எழுதினோம்.

டேட்டாபேஸ் என்றதும் மிரள வேண்டாம். கடையில் பில் போட்டாலும், ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிந்தாலும், அதையெல்லாம் அடியில் உட்கார்ந்து பத்திரமாக வைத்துக்கொள்கிற மென்பொருள், அவ்வளவுதான். எங்களுடையதற்கு எங்கள் ஊர் ஆற்றின் பெயரையே வைத்தோம், சிற்றாறு. விலை கிடையாது. உள்ளே எழுதியிருக்கிற நிரல் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுப் பிழைக்கவும் செய்யலாம். எழுதியவர்கள் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. நாங்கள் கேட்கிற கூலி அது ஒன்றுதான்.

மேஜைக்கு வருகிறவர்களிடம் இதை ஐந்தருவியை வைத்துத்தான் சொல்வேன். "குளிக்க வாரவங்க குளிச்சிட்டுப் போங்க. ஆளுக்கு ஒரு குடம் பிடிச்சிட்டுப் போனாலும் சரி. ஆனா இந்த அருவியே நான் விட்டதுதான்னு போர்டு மாட்டக் கூடாது."

சிரித்துவிட்டு, "அப்ப ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்குள் தொட்டியில் யாராவது கொப்பளிப்பார்கள்.

பெர்சிஸுக்குக் கிடைக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு குழந்தை பிறந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவள் அவள். கணவர் பென்னி தென்காசியில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர்கள் வீட்டில் யாராவது விருந்தாளி வந்து, மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அவ வீட்லதான் சும்மா இருக்கா" என்று மாமியார் சொல்வார். திட்டுவதற்காகச் சொல்வதில்லை, வானம் நீலமாயிருக்கிறது என்கிற மாதிரி சொல்வார். சும்மா இருந்த அந்த ஐந்து வருஷத்தில்தான் அவள் சிற்றாற்றின் உயிரான பகுதியை எழுதினாள். முதலில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டும், பிறகு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டும் நேராக எங்கள் வீட்டு மாடிக்கு வருவாள். இப்போது மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். போன இடமெல்லாம் ஐந்து வருஷம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வருஷங்களுக்குச் சாட்சி என்று அவளிடம் இருந்தது சிற்றாற்றில் இருக்கிற அவள் பெயர் ஒன்றே.

மேடைக் கம்பெனி கண்காட்சியிலேயே ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, காலையில் கூட்டம் சேருவதற்கு முன்பு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் சந்தோஷ்குமார் சுரண்டைக்காரர். ஆனால் சென்னை வாசம் அவர் பேச்சிலிருந்து ஊரைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. பெர்சிஸின் விண்ணப்பத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் காலியா இருக்கே மேடம்?"

"காலியா இல்ல சார். கீழ போட்டிருக்கேன். சிற்றாறுன்னு ஒரு டேட்டாபேஸ். கரண்டு போனா டேட்டாவை மீட்டு எடுக்கிற பகுதி முழுக்க நான் எழுதினது."

"கேள்விப்பட்டதே இல்லையே. ஃப்ரீயா விடுறதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்ல வராது. வீட்ல சும்மா இருந்த நேரத்துல ஒரு ஹாபி மாதிரி பண்ணியிருக்கீங்க. குட். ஃபைல்ல வைக்கிறேன்."

பெர்சிஸ் சிரித்தபடி நன்றி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலைக்கு மேல் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'வஜ்ரா பிளஸ், எங்கள் சொந்தத் தயாரிப்பு' என்று எழுத்து மின்னிவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று ஓட்டிக்காட்டியது. பார்க்கப் பார்க்க எனக்கு அடையாளம் பிடிபட்டது. எங்கள் பிள்ளைதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

மேஜைக்கு வந்ததும் வஜ்ரா பிளஸின் இலவச மாதிரியை இறக்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற நிரலைப் பூட்டி வைத்திருந்தார்கள். உதவிப் பக்கங்கள் மட்டும் படிக்கக் கிடைத்தன. வரிக்கு வரி பெர்சிஸ் எழுதியவை. உதாரணத்துக்கு அவள் போட்டிருந்த ஆணி, கீல், தாழ்ப்பாள் கூட அப்படியே கிடந்தன. எல்லாம் பென்னி கடைச் சாமான். எங்கள் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனியின் பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைக் கூட நேர்த்தியாகச் செய்யவில்லை. வாங்குகிறவர்களுக்கு முதல் வருஷம் இலவசம் என்று வேறு அறிவிப்பு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நான் மறுபடி மேடைக்குப் போனேன். பெர்சிஸ் பின்னாலேயே ஓடி வந்தாள்.

சந்தோஷ்குமார் அசரவில்லை. "ஓப்பன் சோர்ஸ்தானே மேடம்? யாரும் எடுக்கலாம்னு நீங்கதான் சொல்றீங்க."

"எடுங்க. வித்துக்கூடப் பொழைங்க. பேரை எதுக்கு அழிச்சிய?"

"உதவிப் பக்கம் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. உள்ளே இருக்கிறது எங்க டீம் உழைச்சு எழுதினது. இல்லேன்னா நிரூபிங்க." பிறகு பெர்சிஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "உங்க ஃப்ரெண்ட் இங்க நின்னு கத்தினா, ஃபைல்ல இருக்கிற உங்க பேப்பருக்குத்தான் நல்லதில்ல."

பெர்சிஸ் என் கையைப் பிடித்துக் கை கழுவும் தொட்டி வரைக்கும் இழுத்து வந்துவிட்டாள்.

"விட்ருட்டி. ஃபைல்ல வச்சிருக்காங்க. கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

"ஒன் வேலையத் தூக்கி வச்சிக்கிட்டு ஒனக்கு வேலை இல்லங்கான். அவன் கூப்பிடுவான்னு நீ காத்திட்டு இருக்கே. வெக்கமா இல்லையாட்டி?"

அவள் கண் கலங்கியது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் கோபம் வந்தால் எனக்கு நாக்குக்கு அணை கிடையாது, ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மேஜைக்குச் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி வந்தார். தென்காசியில் அரிசி, பலசரக்கு மொத்த வியாபாரம். வியாபாரிகள் சங்கத் தலைவர். சங்கத்துக் கடைகளுக்கெல்லாம் ஒரே மென்பொருள் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். எதை என்பதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அருவியில் தலை கொடுத்துவிட்டு நேராக வந்திருப்பார் போலிருக்கிறது. தோளில் ஈரத் துண்டு கிடந்தது. தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை அவர்.

"எல்லாம் சரிம்மா. சாரல் காத்து அடிச்சா நம்மூர்ல கரண்டு நிக்குமா? பில்லு போடும்போது போயிட்டுன்னா என்ன செய்யும்?"

மற்றவர்கள் இதற்குப் படம் போட்டு விளக்குவார்கள். எங்களுக்கு வேறு வழக்கம். குத்துக்கல்வலசை மாடியில் ஆனி, ஆடி மாதம் முழுக்கக் கரண்டு வந்து வந்து போகும். அதில் பழகி, புதிதாக எதை எழுதினாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்போம். அதில் பிழைத்தால்தான் வெளியே விடுவோம். புளியறையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் சிற்றாற்றைத்தான் வைத்திருக்கிறது. மலைக்காற்றில் அங்கே லைன் போகாத நாள் அபூர்வம். இதுவரை ஒரு லோடுகூடப் பதிவிலிருந்து தவறியதில்லை.

"ஒரு பில்லு போடுங்க அண்ணாச்சி. போட்டுட்டு நீங்களே பிளக்கைப் பிடுங்குங்க."

"நானா? கெட்டுப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது."

பொன்னி அரிசி இரண்டு மூட்டை என்று ஒரு விரலால் தட்டினார். குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். மானிட்டர் அணைந்தது. மறுபடி சொருகியதும் கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஓடி, கடைசியில் தமிழில் ஒரு வரி வந்து நின்றது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"ஏட்டி பெர்சிஸ், கரண்டு வந்துட்டு. ஒண்ணும் போவல, எல்லாம் இருக்கு." நிமிர்ந்தார். "யாரும்மா இது பெர்சிஸு?"

பெர்சிஸ் பேனருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்த வரி நான் எழுதியது. மீட்புப் பகுதி முதல்முறை சரியாக வேலை செய்த அன்று இவள் கீழே பிள்ளைக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் நின்று என்ன கத்தினேனோ அதையே நிரலில் போட்டுவிட்டேன். வெளியே விடும்போது இங்கிலீஷில் மாற்ற வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். மாற்றவே இல்லை. ஊர் உலகத்தில் யார் எடுத்து ஓட்டினாலும், பிளக்கைப் பிடுங்கினால், இவளைத்தான் கூப்பிடும்.

அண்ணாச்சியின் மூட்டைகள் பத்திரமாக இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. சென்னை ஆபீஸில் கரண்டு போனாலும் யாருக்கும் தெரியாது. யூபிஎஸ் பார்த்துக்கொள்ளும். பிளக்கை யார் பிடுங்கப் போகிறார்கள்? மீட்புப் பகுதியோ, புரியாதவன் கை வைத்தால் மொத்தமும் படுத்துவிடுகிற இடம். பெயரை அழித்தவர்கள் அங்கே கை வைத்திருப்பார்களா?

"அண்ணாச்சி, மேடையில இருக்கதையும் ஒருக்கப் பிடுங்கிப் பாருங்களேன்."

"ஏன், அதுல என்ன?"

"நான் சொன்னா நல்லா இருக்காது. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவர் துண்டை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். பெர்சிஸுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த வரியை எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா நான் பொய்க்காரி."

"என் பேப்பர் குப்பைக்குப் போயிரும்ட்டி. அவன் நாலு கம்பெனியில சொல்லுவான்."

"இப்ப மட்டும் எங்க இருக்கு?" என்றேன். அவளும் என்னோடு வந்தாள்.

மேடைக்கு முன்னால் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சந்தோஷ்குமார் மைக்கைப் பிடித்துக்கொண்டு உலகத்தரம், உலகத்தரம் என்று உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"தம்பி, கரண்டு போனா என்ன செய்யும்?"

"எங்க கிளவுடுல பேக்கப் இருக்கு சார். அதுவும் இல்லாம..."

"மேகமெல்லாம் எங்களுக்கு மலை மேலேயே இருக்கு. பிளக்கைப் பிடுங்கினா என்ன செய்யும்?"

கூட்டம் சிரித்தது. சந்தோஷ்குமாரும் சிரித்தார். "டெமோ நடுவுல அப்படியெல்லாம் பண்றதில்லைங்க சார்."

"கை கழுவுத எடத்துல ரெண்டு பிள்ளைகள் என்னையப் பிடுங்க விட்டாங்க. ஒண்ணும் ஆவல. பந்திக்குப் போற வழியில நடக்குதது மணமேடையில நடக்காதா?"

வியாபாரிகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். சந்தோஷ்குமார் கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தச் சரக்கின் மேல் நம்பிக்கை இருந்தது. அது மட்டும் உண்மை. நல்ல சரக்கு என்று தெரிந்துதானே எடுத்தார்கள்? "தாராளமா பிடுங்குங்க சார்" என்றார்.

அண்ணாச்சி மேடையேறி ஒரு பில் போட்டார். பட்டுத்துணியைத் தூக்கிக் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பெரிய டிவி அணைந்தது. பெர்சிஸ் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்தது. எனக்கும் சேர்த்துச் செய் என்று சொல்ல நினைத்தேன்.

மறுபடி சொருகினார். கறுப்புத் திரையில் இங்கிலீஷ் வரிகள் சரசரவென்று ஓடின. வஜ்ரா பிளஸ் என்று ஒரு தரம், கம்பெனியின் பெயர் இரண்டு தரம். நின்றது. ஒன்றும் வரவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் சாண் உயரத்துக்கு.

ஏட்டி பெர்சிஸ், கரண்டு வந்துட்டு. ஒண்ணும் போவல, எல்லாம் இருக்கு.

முதல் வரிசை வாசித்தது. பின் வரிசைக்கு வாசித்துச் சொன்னது. சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது.

"ஏலே, இது அந்தப் பிள்ளைகள் பொட்டியில வந்த வசனம்லா!" என்றார் அண்ணாச்சி. "தம்பி, ஒங்க கம்பெனியில பெர்சிஸு யாரு?"

சந்தோஷ்குமார் மைக்கைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நேராகப் பெர்சிஸிடம் வந்தார். நான் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தவில்லை.

"மேடம், எங்க கம்பெனிக்காக வீட்லருந்து எழுதிக் கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர் இன்னைக்கே தரேன். சீனியர் போஸ்ட். அந்த அஞ்சு வருஷத்தையும் எங்க கம்பெனி சர்வீஸாவே போட்டுடறேன். உங்களுக்கு வேணும்கிறதும் அதுதானே?"

அதுதான் வேண்டும். மாமியார் விருந்தாளிகளிடம் சொல்ல ஒரு வார்த்தை, விண்ணப்பத்தில் நிரம்பிய ஐந்து வருஷம், சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றது அப்போதுதான். வேலை அவளுக்கு வேண்டியது. பெயரும் அவளுடையது. நான் என்ன சொன்னாலும் பிறகு என் தலையில்தான் விடியும்.

அவள் கையை நீட்டினாள். சந்தோஷ்குமார் நிம்மதியாக மைக்கைக் கொடுத்தார்.

பெர்சிஸ் மேடையேறினாள்.

"நான்தான் பெர்சிஸ். குத்துக்கல்வலசையில வேல்விழி வீட்டு மாடியில இருந்து நாங்க ரெண்டு பேரும் இதை எழுதினோம். இதுக்குப் பேரு சிற்றாறு. இந்தக் கம்பெனியில நான் வேலை பாக்கல. காலையில வேலை கேட்டேன். அஞ்சு வருஷம் வீட்ல சும்மா இருந்தவன்னு சொல்லிட்டாங்க." திரும்பி டிவியைக் கை காட்டினாள். "அந்த அஞ்சு வருஷம் இதுதான்."

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை யாரும் எடுக்கலாம். இவுகளும் எடுக்கலாம்" என்றாள் பெர்சிஸ். "எங்க பேரைத் திருப்பி வச்சிட்டு எடுக்கட்டும். சார், ஃபைல்ல இருக்க என் பேப்பரைக் குடுத்திருங்க."

இவ்வளவு நேரமும் அந்த வரி அவள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. சந்தோஷ்குமாருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. மேடைக்குத் தாவி ஏறி, பட்டுத்துணியை வாரிச் சுருட்டி, பிளக்கை அவரே பிடுங்கினார். திரை இருண்டது. மேடையில் எடுபிடியாக நின்ற பையன் ஒருவன் விஷயம் புரியாமல் மறுபடி சொருகப் போனான்.

"ஏலே, சொருகாதலே! சொருகாத!" என்று சந்தோஷ்குமார் அலறினார். அப்போதுதான் அவர் வாயில் சுரண்டை வந்தது.

"நீ சொருகுலே" என்றார் அண்ணாச்சி. "இன்னொரு தரம் பாப்போம். நாங்க வாங்க வந்த ஆளுக."

சங்கமே சொருகச் சொல்லிச் சத்தம் போட்டது. பையன் சொருகிவிட்டான். கறுப்புத் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

"ஒழுங்கா ஷட் டவுன் பண்ணணும் சார்" என்றாள் பெர்சிஸ் மைக்கில், அவருக்குப் பாடம் எடுப்பதுபோல. "பிடுங்கினா அது என்னையத்தான் கூப்பிடும்."

வரிகள் நின்றன. ஏட்டி பெர்சிஸ் என்று டிவி கூப்பிட்டது.

அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். மாடிப்படியின் கீழிருந்து அன்று எனக்குச் சொன்ன அதே பதிலை, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இங்கனதான்ட்டி இருக்கேன்."